மெர்ல் போனால்தான் கழுகு வரும்

நூலகச் சுவரில் தன் பெயரைப் பார்த்ததும் மெர்ல் சுற்றுமுற்றும் பார்த்தான். ‘மிசிசிப்பியின் மேல் ஒரு காலை. எடுத்தவர்: மெர்ல் ஹூக்ஸ்ட்ரா’ என்று சின்ன அட்டை. அதற்கு மேலே வெண்தலைக் கழுகு, இறக்கையை முழுக்க விரித்து, காலில் துடிக்கிற மீனோடு, பார்க்கிறவன் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, படம் என்றால் அது படம்.

ஆனால் எடுத்தது மெர்ல் இல்லை.

ஜனவரியில் ஆறு உறைந்துவிடும். அணைக்குக் கீழே மட்டும் தண்ணீர் புரண்டு ஓடும். கழுகுகளுக்கு மீன் அங்கேதான். கம்பி வேலியோரம் கேமரா முக்காலிகளை நட்டுக்கொண்டு இந்த ஊர்ப் படப் பைத்தியங்கள் நிற்பதும் அங்கேதான். மெர்லுக்குச் சர்க்கரை. அடிக்கடி கார்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி, கோடியிலிருக்கும் நீல பிளாஸ்டிக் கக்கூசுக்கு ஓடியாக வேண்டும். அவன் கதவைச் சாத்துவதற்கும் கழுகு இறங்குவதற்கும் அப்படி ஒரு பொருத்தம். “உனக்குப் புண்ணியமாப் போகும் மெர்ல், ஒரு நடை போயிட்டு வாயேன். எங்களுக்குக் கை வெறைக்குது” என்பான் டுவெய்ன். மெர்லும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தால் அவன் படங்களில் வெறும் ஆறுதான் இருக்கும்.

அந்தப் படம் விழுந்த அன்றைக்கும் பக்கத்தில் நின்ற ஆர்டிசிடம் “பாத்துக்கோ” என்று கேமராவை விட்டுவிட்டு ஓடினான். ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். திரும்பி வந்தவனிடம், “என் கேமரா குளிர்ல செத்துப்போச்சு. ஒரு கழுகு கரைப்பக்கம் வந்துது. உன்னோடதத் திருப்பி ஒரு அமுக்கு அமுக்கிட்டேன். கன்னாபின்னான்னு இருக்கும், அழிச்சிரு” என்றாள்.

சாயங்காலம் திறந்து பார்த்தான். கழுகு. அதற்குக் கீழே ஓரத்தில், ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு கக்கூசைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். மெர்ல் அந்த ஓரத்தை வெட்டி எறிந்தான். மிச்சத்தை நூலகத்துப் படக் கண்காட்சிக்கு அனுப்பினான். தொப்பியை அலமாரிக்குள் திணித்துவிட்டு, மறுநாளிலிருந்து கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டான்.

இன்றைக்கு மாட்டுக்கறிக் குழம்பும் பட்டை மணக்கிற சுருள் ரொட்டியுமாக நூலகத்தில் ஊரே கூடியிருந்தது. டுவெய்ன் முதுகில் ஓங்கித் தட்டினான். “அடேங்கப்பா! கடைசில அடக்கிக்கிட்டு நின்னுட்டியா!”

நூலகர் கிரெட்சன், “அன்னிக்கு எப்படி எடுத்தீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்” என்றாள். மெர்ல் கையிலிருந்த சுருள் ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தான்.

“நான் பக்கத்துலதான நின்னேன்” என்று ஆர்டிசின் குரல் வந்தது. “மனுசன் அசையல. வெரலெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு. நின்ன எடத்துலயே நின்னு எடுத்தான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். மெர்லுக்குக் காது பற்றி எரிந்தது. அவள் நாலு பேர் முன்னால் உண்மையைப் போட்டு உடைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

“வாசல் சுவர்ல பெரிசா வைக்கப்போறோம்” என்றாள் கிரெட்சன். “கீழ ரொம்ப ஒட்ட வெட்டியிருக்கீங்க. முழுப் படத்தத் திங்கக்கிழமைக்குள்ள அனுப்புங்க.”

“அது... அழிஞ்சு போச்சு” என்றான். இந்த வெட்கங்கெட்ட வாய்க்கு அதுமட்டும் சட்டென்று வந்தது.

வெளியே ஆர்டிஸ் வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்றான்.

“எனக்காக ஏன் பொய் சொன்ன?”

“உன் மூஞ்சியப் பாத்தேன். மனசு கேக்கல.” சுரண்டுவதை அவள் நிறுத்தவில்லை. “அமுக்கின ஒடனே சின்னத் திரையில பாத்துட்டேன் மெர்ல். என் ஆயுசுக்கும் அப்படி ஒண்ணு எடுத்ததில்ல. ஆனா அந்தத் தொப்பிய டுவெய்ன் பாத்தான்னா உன்ன விட்டுவைப்பானா? அதான் அழிச்சிருன்னேன்.”

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு காலை வேலியோரத்தில் ஒருத்தனும் அவனைக் கேலி செய்யவில்லை. டுவெய்ன் தள்ளி நின்று நல்ல இடம் கொடுத்தான். வீட்டில் கணினி திறந்தபடியே கிடந்தது. முழுப் படத்தையும் கிரெட்சனின் முகவரியையும் மின்னஞ்சலில் ஏற்றி வைத்திருந்தான். அனுப்பத்தான் விரல் வரவில்லை. நேரம் போகப் போக அடிவயிறு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தான். பிறகு கறுப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு, அலமாரியிலிருந்து எடுத்துவந்து கோட்டுப் பையில் திணித்திருந்த ஆரஞ்சுத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். டுவெய்ன் தொப்பியை ஏற இறங்கப் பார்த்தான்.

“பாத்துக்கோ” என்றான் ஆர்டிசிடம்.

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவன் கேமராவின் மேல் கையை வைத்தாள்.

பாதி தூரம் போயிருப்பான். முதுகுக்குப் பின்னால் கேமராக்கள் படபடவென்று அடிக்கத் தொடங்கின. முன்னாலிருந்த பனியின் மேல் அகலமான நிழல் ஒன்று ஓடிவந்து அவன் நிழலைத் தாண்டிப் போனது. அண்ணாந்து பார்க்கக் கூசி, மெர்ல் அந்த நீலக் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.