மீட்டர் கேபிள்

ஷோரூமில் மாமனாரும் மனைவியும் ஸ்கூட்டர் பக்கம் நின்றார்கள். ஸ்டீபன் மட்டும் மூலையில் நிறுத்தியிருந்த அந்த உயரமான வண்டியின் முன்னால் நின்றான். முண்டு முண்டாக ரப்பர் துருத்திய பட்டன் டயர், சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே தூக்கி நிற்கும் மட்கார்டு, ஒல்லியான உடம்பு. மண் ரோட்டுக்கும் தார் ரோட்டுக்கும் சேர்த்துச் செய்தது என்றான் விற்பனைக்காரன். வண்டி பார்த்துச் சொல்லக் கூட்டிவந்திருந்த மெக்கானிக் அழகுமலை, எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

“யாருக்கு மாப்ள இது, போலீஸ்காரனுக்கா?” என்றார் மாமனார் ஞானம்.

“இதுல நான் ஏறணும்னா வீட்ல இருந்து ஏணியத் தூக்கிட்டு வரணும்” என்று ஹெப்சிபா சிரித்தாள்.

“இதுதான்” என்றான் ஸ்டீபன்.

விளாங்குடியில் மாமனார் வீட்டோடு வந்து தங்கிய ஆறு வருடத்தில் அவன் சொன்னது கடைசிச் சொல்லாக நின்றது அன்றுதான். அதற்கான காரணத்தை அவன் சொல்லவில்லை. அது மிஷன் பள்ளி அலுவலகத்தில், அவனுடைய மேசை இழுப்பறையில், ஒரு கடிதமாகக் கிடந்தது. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் போய்ப் பார்த்து, எந்த மடை வேலை செய்கிறது, எந்த வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று எழுதித் தரும் வேலைக்கு வரச் சொல்லி அழைப்பு. கரைமேல் போகக்கூடிய சொந்த வண்டி வேண்டும். டிசம்பர் இரண்டாவது திங்களுக்குள் பதில் வேண்டும்.

அந்த மேசை முன்பு ஞானத்தின் மேசை. ஓய்வு பெற்றபோது நிர்வாகத்திடம் பேசி மருமகனை அதில் உட்கார வைத்தவர் அவர்தான். நாற்காலியில் போட்டிருந்த மெத்தையும் அவருடையதே. ஆறு வருடமாகியும் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அதில் விழுந்த பள்ளம் ஸ்டீபனின் உடம்புக்குப் பொருந்தவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று போதகர் பெட்ரோல் டேங்கின்மேல் கைவைத்து, நிதானத்தின் ஆவியைத் தரும்படி ஜெபித்தார். மறுநாளே ஞானம் பின்சக்கரத்தில் சேலை கார்டு மாட்டச் செய்தார். கம்பிகள் சக்கரத்தைப் பாதி மறைத்துக்கொண்டன. பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டியோடு வந்த கையேட்டை இரண்டு முறை படித்தார்.

“மாப்ள, முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நாப்பதத் தாண்டக் கூடாது. ரன்னிங் இன்ல கெடுத்தா ஆயுசுக்கும் கெட்டதுதான்.”

“சரி மாமா.”

அன்றிலிருந்து சாயங்காலந்தோறும் ஒரு பழைய பனியன் துணியோடு வந்து வண்டியைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் குனிந்து மீட்டரைப் பார்த்து, முந்தின நாள் எண்ணைக் கழிப்பார். பள்ளிக்குப் போய்வரப் பதினாலு கிலோமீட்டர். “பதினாலு. சரியா இருக்கு” என்பார். ஒரு நாள் பதினாறு காட்டியது. “வழியில எங்கயாச்சும் நின்னீங்களா?” என்று பிரியமாகத்தான் கேட்டார். பிரியமாகக் கேட்பவரிடம் கோபப்பட ஸ்டீபனுக்குத் தெரியவில்லை. மாவு மில்லுக்குப் போனதாகச் சொன்னான். உண்மையும் அதுதான். உண்மையைச் சொன்னபோதும் பிடிபட்டவன்போல வியர்த்தது.

திண்டுக்கல் ரோட்டில் லாரிகளும் மொபெட்டுகளும் அவனைத் தாண்டிப் போயின. எஞ்சினின் சூடு முழங்காலில் ஏறும். முள் நாற்பதில் நிற்கும்.

கெடுவுக்கு முந்தைய சனிக்கிழமை அரைநாள் பள்ளி. திங்கட்கிழமை பதில் எழுதுமுன் ஒரு முறையாவது கரைமேல் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பள்ளிக்கு அடுத்தாற்போலிருந்த அழகுமலையின் பட்டறைக்குப் போனான்.

“அண்ணே, மீட்டர் ஓடாம வண்டிய ஓட்ட முடியுமா?”

அழகுமலை அவனை ஏற இறங்கப் பார்த்தார். “விக்கப் போறவன்தான் அதக் கேப்பான். நீங்க வாங்கி மூணு வாரங்கூட ஆகல.” சொல்லிக்கொண்டே முன்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து, திருகைக் கழற்றி, கேபிளை உருவி ஓரமாகக் கட்டினார். “எம்புட்டு ஓடுனாலும் எஞ்சினுக்குத் தெரியும், மீட்டருக்குத் தெரியாது. திரும்புறப்ப கையாலேயே மாட்டிரலாம். மாமாவுக்குப் பயமாக்கும்?”

ஸ்டீபன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அலங்காநல்லூர்ப் பக்கம் பதினாறு கிலோமீட்டர். மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. வயல்கள் வந்தன, கரும்பு வந்தது, மழை ஈரம் காயாத கண்மாய்க் கரை வந்தது. பட்டன் டயர் சேற்றைக் கவ்விப் பிடித்து ஏறியது. ஷோரூம் மூலையில் நின்று அவன் நினைத்த மாதிரியே ஏறியது. இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் நாற்று, முன்னால் ஆளே இல்லாத நேர்க்கரை. கரையில் சேறு தீர்ந்து சரளை தொடங்கிய இடத்தில்தான் அதைக் கவனித்தான். எஞ்சின் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முள்ளைப் பார்க்காமலேயே கை நாற்பதில் நின்றது. யாரும் பார்க்கவில்லை, எதுவும் பதியவில்லை. இருந்தும் நாற்பது.

மடையருகே வண்டியை நிறுத்தினான். தண்ணீர் திறந்துவிடும் நல்லகாமன் மண்வெட்டியோடு மேலேறி வந்தார்.

“என்ன தம்பி, இம்புட்டுப் பெரிய வண்டிய மாடு பத்துறாப்ல பத்திட்டு வாரீக?”

“புது வண்டிங்க. மெதுவாத்தான் ஓட்டணும்.”

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கட்டிவிட்டிருந்த கேபிளைக் கண்டுகொண்டார். “என் மச்சினன் இப்பிடித்தான் கழட்டிட்டுப் போவான், பொண்டாட்டிக்குத் தெரியாம. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, நீங்க வந்தீகன்னு சொல்லவா, வரலைன்னு சொல்லவா?”

கேலியாகத்தான் கேட்டார். சொல்லிவிட்டு மடைக்குள் இறங்கிப் போய்விட்டார். ஸ்டீபன் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதே கரைக்கு வரத்தான் அந்த வண்டியை வாங்கினான். வந்தும் ஆயிற்று. ஆனால் வந்ததாக எங்கும் இல்லை. திங்கட்கிழமை கடிதம் எழுதினாலும் இப்படித்தான் எழுதுவான், யாருக்கும் தெரியாமல். பிறகு அதைக் கிழித்துப் போடுவதும் யாருக்கும் தெரியாது.

மடையோரச் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தான். கட்டை அவிழ்த்து, கேபிளின் நுனியைச் சக்கரத்துக்குள் நுழைத்து, திருகைக் கையால் இறுக்கினான். வண்டியைக் கிளப்பியதும் முள் துடித்து எழுந்தது.

வீட்டு வாசலில் ஞானம் துணியோடு காத்திருந்தார். டயரில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

“முப்பது” என்றார். “பதினாலுதான வரணும். முப்பது காட்டுதே மாப்ள?”

ஹெப்சிபா கதவருகில் வந்து நின்றாள். மாவு மில் என்ற சொல் ஸ்டீபனின் நாக்குவரை வந்தது.

“முப்பது இல்ல மாமா, நாப்பத்தாறு. போறப்ப கேபிளக் கழட்டிட்டுப் போனேன்.”

“எங்கிட்டு?”

“அலங்காநல்லூர்ப் பக்கம், கண்மாய்க்கு. அங்கதான் வேலை. திங்கக்கிழமை வாரேன்னு எழுதப் போறேன். ஆபீஸ விடுறேன்.”

ஞானம் நிமிரவில்லை. கை சேலை கார்டின் கம்பியைப் பிடித்திருந்தது. ரோட்டில் இரண்டு பஸ்கள் போயின.

“அப்ப ஐந்நூறுங்கிறது தப்பாயிரும்” என்றார் கடைசியில். “சர்வீஸுக்குப் பதினாறு கிலோமீட்டர் முந்தியே விட்டுரணும்.”

துணியை நான்காக மடித்தார். வண்டியைத் துடைக்காமலே உள்ளே போனார். ஹெப்சிபா அவருக்கு வழிவிட்டாள். பிறகு வாசலுக்கு இறங்கிவந்து, சேறு படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த உயரமான சீட்டையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?” என்றாள்.