குர்ஆனைத் தொடாத சாட்சி

சரீபா சாட்சி சொல்லாவிட்டால் வழக்கு அன்றோடு முடிந்தது. அரச சட்டவாதி சாரதாதேவிக்கு அது தெரியும். குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிக்காகத் தோன்றும் மூத்த சட்டத்தரணி பாக்கியராசாவுக்கும் தெரியும். அதனால்தான் காலையில் மேல் நீதிமன்ற விறாந்தையில் சாரதாதேவியைக் கண்டதும் அவர் சிரித்த முகமாகக் கிட்ட வந்தார்.

“என்ன தங்கச்சி, ஒரு பைத்தியத்தச் சாட்சிக் கூட்டில ஏத்தப் போறீங்களாம்?”

“சாட்சிய ஏத்தப் போறன் சேர்.”

“சுனாமிக்குப் பிறகு வாயே திறக்காத மனிசியாமே. உங்களுக்குத் தோதான ஆள்தான். ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டே வழக்க முடிச்சிருவீங்க.”

பக்கத்தில் நின்ற இளம் சட்டத்தரணிகள் சிரித்தார்கள். சாரதாதேவியும் சிரித்துவைத்தாள். அவள் அதிகம் கதைப்பதில்லை என்பது அந்த வளவில் எல்லோருக்கும் தெரிந்த பகிடி. கேள்விக்கும் கேள்விக்கும் இடையில் அவள் மௌனமாக நிற்கும் நேரத்தில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வரலாம் என்பார்கள்.

வழக்கு இதுதான். கடலோரமாக ஒரு தனியார் பராமரிப்பு இல்லம். அலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனபின் மனம் குழம்பிப்போன பெண்களுக்காக, வெளிநாட்டு உதவியில் கட்டியது. உதவி வற்றியதும் வேலையாட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று முகாமையாளர் றிஸ்கான் பெண்களைப் பகலில் சன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைக்கத் தொடங்கினார். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், வினாயகபுரத்துச் சிவக்கொழுந்து அப்படிக் கட்டியபடியே காய்ச்சலில் செத்துப்போனாள். அப்போது அதே அறையில், மற்றச் சன்னலில் கட்டுண்டு கிடந்தவள் சரீபா.

சரீபாவையும் மற்றப் பெண்களையும் நீதவான் அரச வைத்தியசாலை விடுதிக்கு மாற்றியிருந்தார். அது வழக்கு முடியும்வரைக்கும்தான். றிஸ்கான் விடுதலையானால் இல்லத்தின் அனுமதிப்பத்திரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அந்தப் பெண்களை ஏற்க வேறு இடமில்லை. அதே சன்னல்களுக்குத்தான் போவார்கள்.

சரீபாவின் மூத்த சகோதரன் அப்துல் ஹமீட் தூண் மறைவில் நின்றிருந்தார். சாகாமத்தில் வயல் செய்கிறவர். தங்கையை அந்த இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“மெடம், இன்னுமொருக்கா யோசிச்சுப் பாருங்க. சனம் கதைக்குது. தமிழ் லோயர் ஒராள் வந்து எங்கட ஆக்கள்ட இல்லத்த மூடப் பாக்குறாவாம்.”

“செத்தது தமிழ்ப் பொம்பிள, நானா,” என்று அவர்கள் அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே சொன்னாள். “ பாத்தது உங்கட தங்கச்சி. நான் ரெண்டு பேருக்காகவும்தான் நிக்கிறன்.”

“அதில்ல மெடம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த லோயர் ஊருக்கு முன்னால அவவப் பைசியம் எண்டு சொல்லுவாரு. கோட்டும் ஓம் எண்டு எழுதிப் போட்டா, பிறகு அவக்கு என்ன மருவாதி இரிக்கி? இப்ப நாங்க மட்டுந்தானே சொல்றம்.”

அவர் சொன்னது சரி என்பதுதான் சாரதாதேவியை உறுத்தியது.

நீதிபதி வந்து அமர்ந்ததும் அவள் எழுந்து, “அரசின் சார்பில் தோன்றுகிறேன்” என்றாள். கல்முனைக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். அவள் வளர்ந்த காலத்தில் அரசு என்றால் இராணுவச் சுற்றிவளைப்பு. விடியமுன் கதவில் விழும் அடி. இந்த வேலைக்கு வந்த புதிதில் அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு நாக்குக் கூசியது. பிறகு ஒருநாள் அவளுக்கு ஒன்று விளங்கியது. கம்பியில் கட்டப்பட்ட பெண்ணுக்காக எழுந்து நிற்க அரசுக்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாய் தன்னுடையதாக இருக்கலாம். அன்றிலிருந்து அதைத் தெளிவாக, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொல்வாள்.

சரீபாவைத் தாதி ஒருத்தி கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். மெலிந்த உருவம், சாம்பல் நிற முக்காடு. சாட்சிக் கூட்டில் ஏறி நின்றாள். மணிக்கட்டுகளில் கயிற்றின் தழும்பு வளையல்போல் கறுத்துக் கிடந்தது.

நீதிமன்ற உத்தியோகத்தர் உசாந்தினி துணியைப் பிரித்துக் குர்ஆனை நீட்டினாள். முஸ்லிம் சாட்சிகள் அதைக் கையில் வாங்கி உறுதிமொழி எடுப்பது அந்த நீதிமன்றில் வழக்கம்.

சரீபா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“வாங்குங்க ராத்தா” என்று அக்கா முறை வைத்து மெதுவாகச் சொன்னாள் உசாந்தினி. சரீபா தலையை ஆட்டினாள். கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். பிறகு கைகளை முன்னே கொண்டுவந்து, வலது முன்கையை இடது கையால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடவினாள். அதேபோல் இடது முன்கையை. முக்காட்டின் மேல் ஒருதரம் தொட்டாள். திரும்பவும் வலது முன்கை.

பாக்கியராசா எழுந்தார். “கனம் நீதிபதி அவர்களே, இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தன்னுடைய வேதத்தைக் கண்டே பயந்து ஒதுங்கும் பெண், சத்தியம் என்றால் என்னவென்று அறிவாரா? கைகளை ஓயாமல் தேய்ப்பதை வைத்திய அறிக்கையும் நோயின் அறிகுறி என்றுதான் சொல்கிறது. கேட்கும் கேள்வி விளங்காதவர் சாட்சியாக முடியாது. இவரை இறக்கிவிடும்படி கேட்கிறேன்.”

பின்வரிசைகளில் முணுமுணுப்பு எழுந்தது. “அமைதி!” என்று பொலிஸ்காரர் அதட்டினார். அப்துல் ஹமீட் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார்.

நீதிபதி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கிறிஸ்தவர். அவர் பேனாவை எடுத்தார். “அரச சட்டவாதி என்ன சொல்கிறீர்கள்?”

சாரதாதேவி எழுந்தாள். எழுந்தவள் சரீபாவின் கைகளையே பார்த்தாள்.

அந்தக் கைத்தடவலை அவள் விடுதியிலும் பார்த்திருந்தாள். கயிற்றின் ஞாபகம் என்று நினைத்து, அதைப் பற்றி ஒரு கேள்விகூட எழுதி வைத்திருந்தாள். ஆனால் கயிறு கட்டிய இடம் மணிக்கட்டு மட்டும். இவள் முழங்கைவரை போகிறாளே. எப்போதும் வலது கைதான் முதலில். பிறகு தலை.

அவள் எதிரிக் கூட்டைப் பார்த்தாள். அங்கே றிஸ்கான் குனிந்திருந்தார். தனக்குச் சாதகமாக ஒன்று நடக்கும்போது ஒரு மனிதன் நிமிர்ந்தல்லவா இருப்பான்? அவர் சரீபாவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். அவருக்கு ஏதோ விளங்கியிருக்கிறது. இந்த மேசையைச் சுற்றி இருக்கிற ஒருவருக்கும் விளங்காத ஒன்று.

“தங்கச்சி நித்திரையாகிட்டா போல” என்று பாக்கியராசா தன் கனிஷ்டரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. கைகள் போகும் அந்த வரிசையை முன்பு எங்கோ கண்டிருக்கிறாள்.

அலை அடித்த அன்று அவள் சட்டக் கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தாள். தமிழரும் முஸ்லிம்களும் என்று பாராமல் எல்லோரும் ஓடி ஏறியது ஒரு முஸ்லிம் பள்ளிக்கூட மாடிக்கு. குடிக்கத் தண்ணீர் இல்லை. மறுநாள் ஒரு பரல் தண்ணீர் வந்தபோது, பிள்ளைகளைத் தேடிக் கிடைக்காத ஒரு தாய் தன் பங்குக் கோப்பையைக் குடிக்காமல் ஓரமாக எடுத்துப்போனாள். கை, வாய், முகம், முழங்கைவரை வலது, பிறகு இடது, ஈரக்கையால் தலை, கடைசியில் கால். அந்த ஒரு கோப்பைக்குள் எல்லாம். “குடிங்கோவன்” என்று சாரதாதேவி கெஞ்சியபோது, “ஒளு இல்லாம ஓத ஏலாது புள்ள” என்றாள். பிறகுதான் குர்ஆனைக் கேட்டு வாங்கினாள்.

முஸ்லிம்களுக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தும், இருபது வயது கடந்துதான் அவள் அதை முதன்முதலாகக் கண்டாள். வேலிக்கு அந்தப்பக்கம் போக விடாத வருடங்கள் அவை.

“கனம் நீதிபதி அவர்களே,” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “என் சாட்சிக்குத் தண்ணீர் வேண்டும்.”

“குடிக்கவா?”

“இல்லை. ஒளுச் செய்ய. உடலைச் சுத்தம் செய்யாமல் முஸ்லிம்கள் குர்ஆனைத் தொடுவதில்லை. சாட்சியை வைத்தியசாலை வாகனத்தில் ஏற்றி நேரே இங்கே கொண்டுவந்தோம். அது எங்கள் பிழை, என் பிழை. அவர் வேதத்துக்குப் பயந்து ஒதுங்கவில்லை; அதன் கனம் தெரிந்து ஒதுங்கினார். தண்ணீர் வேண்டும் என்று கைகளால் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.”

சபையில் ஒரு பெருமூச்சுப்போல் ஏதோ ஓடியது. ஒரு கிழவர் தன்னை மறந்து, “அல்ஹம்துலில்லாஹ், அதத்தானே!” என்றார். பொலிஸ்காரர் இம்முறை அதட்டவில்லை.

“ஆட்சேபிக்கிறேன்,” என்றார் பாக்கியராசா. “இது அரச சட்டவாதியின் ஊகம். இது நீதிமன்றம், பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டி அல்ல.”

“ஊகமா இல்லையா என்று தண்ணீர் சொல்லும், திரு. பாக்கியராசா,” என்றார் நீதிபதி. “ஆண்கள் யாரும் கூடப் போகவேண்டாம். உசாந்தினி, நீங்கள் தாதியோடு போங்கள். ஒன்றும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பார்த்ததை வந்து சொல்லுங்கள்.”

அவர்கள் பின்கட்டுக் குழாயடிக்குப் போனார்கள். சாரதாதேவி நின்றபடியே இருந்தாள். தான் நினைத்தது பிழையென்றால், அந்தப் பெண் குழாயடியில் சும்மா நின்றுவிட்டு வந்தால், அப்துல் ஹமீட் பயந்ததை அவளே தன் கையால் செய்து முடித்ததாகிவிடும்.

உசாந்தினி திரும்பி வந்தபோது அவளுடைய சேலைக் கரை நனைந்திருந்தது.

“ஐயா, குழாயைத் திறந்துவிட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. கைகளைக் கழுவினார். வாய் கொப்பளித்தார். மூக்கு, முகம், பிறகு வலது கை, இடது கை முழங்கைவரை. எல்லாம் மூன்று மூன்று தரம். தலையைத் தடவி, காதைத் துடைத்து, கால் கழுவினார்.” அவள் தயங்கினாள். “பிறகு எனக்கு ஏசினார் ஐயா.”

“ஏசினாரா? என்னவென்று?”

“‘பைப்பப் பூட்டுகா, தண்ணி வீணாப் போகுது’ என்று.”

சபை முழுக்கச் சிரித்தது. நீதிபதியும் பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். பாக்கியராசா மட்டும் தன் வழக்குக் கோப்பைப் புரட்டினார்.

சரீபா கூட்டில் ஏறினாள். முக்காட்டைச் சரிசெய்தாள். இரு கைகளையும் நீட்டிக் குர்ஆனை வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

“இது என்ன இடம் என்று தெரியுமா அம்மா?” என்று நீதிபதி கேட்டார்.

யாரும் அவளை அவசரப்படுத்தாதபடி சாரதாதேவி கையை லேசாக உயர்த்திப் பிடித்திருந்தாள்.

“கோடு,” என்று ஊர்வழக்கில் நீதிமன்றத்தைச் சொன்னாள் சரீபா. துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

“எதற்காக வந்திருக்கிறீர்கள்?”

“சிவக்கொழுந்துக்காக.”

நீதிபதி எழுதத் தொடங்கினார். எழுதியதை வாய்விட்டு வாசித்தார்: சாட்சி கேள்விகளை விளங்கிக்கொள்கிறார், சத்தியத்தின் பாரத்தை, இந்த நீதிமன்றில் இன்று வேறெவரையும்விட நன்றாக உணர்ந்திருக்கிறார், அவர் தகுதியான சாட்சி.

பிறகு சாரதாதேவி கேட்டாள். ஒவ்வொரு கேள்வியும் சின்னது. ஒவ்வொன்றின் பின்னும் காத்து நின்றாள். காத்து நிற்பது அவளுக்குப் பழகிய வேலை. இத்தனை காலம் பகிடியாக இருந்தது இன்றைக்கு உதவியது.

“சிவக்கொழுந்த ஆர் கட்டினது?”

சரீபா கையை நீட்டி எதிரிக் கூட்டைக் காட்டினாள்.

“அவ என்ன கேட்டவ?”

“தண்ணி. பகல் முழுக்கக் கேட்டாள். இவன் கதவடியால போய் வந்தவன். கேட்டுக்கிட்டுத்தான் போனவன்.” அவள் மூச்சு வாங்கினாள். “நான் கம்பிய இழுத்தன். வரல்ல. பிறகு அவள் கேக்கல்ல.”

பாக்கியராசா குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். சரீபா அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். “கிழமை ஞாபகமிருக்கா?” என்றார். “இல்ல” என்றாள். “அப்ப எல்லாம் எப்படி ஞாபகம்?” என்றார். “நீங்க ஆரும் மவுத்தாகிறதக் கட்டிக் கிடந்து பாத்தீங்களா?” என்றாள். அவர் இன்னும் ஓரிரண்டு கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே றிஸ்கானின் பிணை ரத்தானது. தீர்ப்பு எதுவானாலும் அந்தப் பெண்களில் ஒருவரையும் அந்த இல்லத்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது, சுகாதாரத் திணைக்களம் வேறு இடம் ஒழுங்குசெய்ய வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார்.

வெளியே வைத்தியசாலை வாகனத்தடியில் அப்துல் ஹமீட் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“மெடம், நான் தங்கச்சிய எங்கட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறன். டொக்டர்ட்ட நீங்க ஒரு சொல் சொன்னா...”

“என்னட்டக் கேக்காதீங்க நானா. அவட்டக் கேளுங்க. அவவுக்கு எல்லாம் விளங்கும் எண்டு கோட்டே எழுதிப்போட்டுது.”

அவர் திகைத்து நின்றார். தங்கையிடம் ஒன்றைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். தொண்டையைச் செருமினார்.

“ஊட்ட வாறியாகா?”

சரீபா அவரைப் பார்த்தாள். பிறகு சாரதாதேவியைப் பார்த்தாள்.

“நாளைக்கு வாறன் காக்கா,” என்றாள் அண்ணனிடம். “இப்ப விடுதிக்குப் போகணும். அங்க அவளுகள் பயந்துக்கிட்டு இரிப்பாளுகள். அந்த இல்லத்துக்குத் திரும்பப் போகத் தேவல்ல எண்டு நான்தான் சொல்லணும்.”

தாதி கைகொடுக்க வந்தாள். சரீபா தலையசைத்து மறுத்து, கதவுக் கம்பியைத் தானே பற்றி ஏறி அமர்ந்தாள். வாகனம் நெடுஞ்சாலைக்குத் திரும்பும்வரை, கறுப்பு அங்கி காற்றில் அடிக்க, சாரதாதேவி நெஞ்சு நிமிர்த்தி அங்கேயே நின்றாள்.