சேற்றுக்குத் தப்பிய தேநீர்

என் கல்யாணத்தன்று வெள்ளைக் கவுனோடு ஆற்று நடுவில், சேற்றில் உட்கார்ந்திருந்தேன். கடல் உள்வாங்க, ஆற்றுத் தண்ணீரும் இறங்குவதைக் கவனிக்காமல் மோட்டார் படகை மணல்திட்டில் ஏற்றிய புண்ணியவதி என் நாத்தனார் ஹெஸ்டர். தண்ணீர் திரும்பும்வரை கொசுக்களுக்கு நாங்கள்தான் கல்யாண விருந்து. நான் திட்டிய திட்டு மூஸ் ஆற்றின் இரு கரைக்கும் கேட்டிருக்கும்.

அதன்பிறகு படகின் சொந்தக்காரரான ஆப்ரம் மாமா அவளை அந்தப் பெரிய படகின் பக்கமே விடவில்லை. படகு ஓட்டுவதைத் தவிர வேறு எந்த ஆசையும் இல்லாதவள் அவள்.

இந்தக் கோடையில் தேநீர்ப் போட்டி வந்தது. ஜோடி ஜோடியாகச் சிறு படகுகளில் துடுப்புப் போட்டு தீவுப் பூங்காவுக்குப் போக வேண்டும். அங்கே தீ மூட்டி, கெண்டி பொங்கியதும் சூடு ஆறாமல் துறைக்குக் கொண்டுவர வேண்டும்.

"முதல் டீ உன்னோடதா இருந்தா, பெரிய படகும் உன்னோடதுதான்," என்றார் மாமா. "நடக்காதுங்கற தைரியத்துலதான் சொல்றேன்."

அவளோடு ஜோடி சேர ஊரில் ஒருத்தரும் இல்லை.

"அண்ணி, நீங்க வாங்க."

"மறுபடியுமா? நல்லா இருக்குடி கதை!"

திட்டிக்கொண்டேதான் ஏறினேன். அவள் முகத்தைப் பார்த்தபின் மறுக்க மனம் வரவில்லை.

தீவில் மற்றவர்கள் எல்லாம் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு விறகுக்கு ஓடினார்கள். ஹெஸ்டர் மட்டும் முழங்காலளவு தண்ணீரிலேயே இறங்கினாள்.

"அண்ணி, நீங்க படகுலயே இருங்க. தண்ணி இறங்க இறங்க பின்னாடி தள்ளிக்கிட்டே போங்க."

"என்ன ஹெஸ்டர், படகை இழுக்கத் தெம்பில்லையா?" என்று கரையிலிருந்து லீவை என்பவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் பொங்கியது அவன் கெண்டிதான். ஓடிவந்து பார்த்தால், அவன் படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வயல் அளவு சேறு. படகு ஒன்றும் கனமில்லை. கால்தான் வெளியே வரவில்லை. மற்றவர்களுக்கும் அதே கதி. ஹெஸ்டர் கெண்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, என் கல்யாணத்தன்று பட்ட பாட்டை மறக்காமல், கெட்டி மணலாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து ஏறினாள். என் தோள் கழன்றுவிடும்போல் துடுப்புப் போட்டேன்.

துறையில் மாமா ஒரு மடக்குக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"சர்க்கரை எங்கடி?"

"படகு எங்க மாமா?"

சிரிப்பில் துறையே அதிர்ந்தது. மாமா வாயைத் துடைத்துக்கொண்டு பெரிய படகின் கயிற்றை அவள் கையில் போட்டார். அவள் அழுதாள்; எனக்கும் அடக்க முடியவில்லை.

தூரத்தில் லீவை இடுப்பளவு சேற்றில் நின்று கையை ஆட்டினான்.

"தண்ணி திரும்பினதும் வர்றேன், அதுவரைக்கும் டீ குடி!" என்று கத்திவிட்டு, ஹெஸ்டர் மோட்டாரைக் கிளப்பினாள். "ஒரு சுத்து போலாம். யார் வர்றீங்க?"

ஒருத்தரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்தேன்.

"ஓட்டுடி!"