கிட்டங்கி வீடு

பொன்னழகு கல்யாணமாகி வந்து இறங்கிய வீடு உண்மையில் வீடே இல்லை, புகையிலைக் கிட்டங்கி. திண்டுக்கல்லில் பொன்னுத்துரை முதலாளியின் புகையிலை மண்டிக்குப் பின்னால், சந்துக்குள் இருந்த பழைய காரைக் கட்டடம். வருஷக் கணக்காக அதில் புகையிலைச் சிப்பங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மண்டிக்குப் புதுக் கிட்டங்கி கட்டிய பிறகு இதைப் பூட்டிப் போட்டுவிட்டார்கள்.

நயா பைசா வந்த வருஷம் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுருளிவேல் அந்த மண்டியில் கணக்கெழுதுகிறவன். இவள் சின்னாளப்பட்டிக்குத் தெற்கே கத்தரியும் மிளகாயும் போடுகிற குடியானவர் வீட்டுப் பெண். “முதலாளி சாவியைத் தூக்கிக் குடுத்து, வாடகை எதுக்குப்பா, சும்மா இருந்துக்கன்னுட்டாரு” என்று சுருளிவேல் மாமனாரிடம் சொன்னபோது பெண் வீட்டாருக்குப் பெருமை தாங்கவில்லை. டவுனுக்குள் வாடகையில்லாத வீடு என்றால் லேசா?

கதவைத் திறந்ததும் பொன்னழகுக்குத் தும்மல் வந்தது. அது நிற்கவேயில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்ட, புதுப்பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று கூட வந்த அத்தைமார்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். சுவரெல்லாம் பழுப்பேறி, தரை பெயர்ந்து, மூலையில் தூளாகிப் போன புகையிலை குவிந்து கிடந்தது. அன்றைக்கு வடித்த சோற்றில்கூட ஒரு காறல் இருந்தது. மறுநாள் தலை குளித்துவிட்டு வந்தும் கூந்தலில் அதே நெடி.

“செத்த நாளைக்குப் பொறுத்துக்க அழகு” என்றான் சுருளிவேல். “உன் கை பட்டா இது அரமனையா ஆயிரும். எனக்குத் தெரியும்.”

அந்தப் பேச்சு அவளைப் பிடித்துக்கொண்டது. பிறந்த வீட்டில் நான்கு பெண்களில் மூன்றாவது அவள். உன் கை பட்டால் ஒன்று துலங்கும் என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கரண்டிக் காம்பால் சுவரைச் சுரண்டினாள். சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தரையைத் தேய்த்தாள். வேப்பிலையைக் கொதிக்க வைத்து வீடு முழுக்க ஆவி பிடிக்க வைத்தாள். கல் சுண்ணாம்பை நீற்றி, கற்றாழைச் சாறும் சிட்டிகை நீலமும் கலந்து அவளே அடித்தாள். முதல் பூச்சு காய்ந்ததும் உள்ளேயிருந்த பழுப்பு மறுபடி மேலே ஊறி வந்தது. மறுபடி அடித்தாள். ஐப்பசி மழையில் இன்னொரு தடவை ஊறியது. மழை விட்டதும் அதற்கும் மேலே ஒரு பூச்சு கொடுத்தாள். கையெல்லாம் வெந்து தோலுரிந்து, துடுப்பைப் பிடித்துக் களி கிண்ட முடியாமல் போன நாள்களும் உண்டு.

சாயங்காலம் மண்டியிலிருந்து வந்ததும் சுருளிவேல் செருப்பைக் கழற்றுவதற்கு முன் வீட்டைத்தான் சுற்றிப் பார்ப்பான். சுவரைத் தடவிப் பார்ப்பான். “இந்தப் பக்கம் ஒரு சன்னல் இருந்தா வெளிச்சம் நல்லா வரும்ல?” என்பான். இரண்டொரு நாளில் மண்டிக் கொத்தனாரே வந்து சன்னல் வைத்துவிட்டுப் போவார். தரைக்குச் சிமெண்டு பூசி, சிவப்புச் சாயம் ஏற்றி, ஓரத்தில் கறுப்புக் கரையும் போட்டுக் கொடுத்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லமாட்டான். தட்டைப்பயற்றுக் குழம்போ கருவாட்டுக் குழம்போ, வெஞ்சனம் எதுவானாலும் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். வீட்டின் மேல்தான் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. ஆம்பளைகளில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று அவள் பூரித்துப் போனாள். அடுத்த வீட்டு சர்புன்னிசாவிடமும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அடுப்படியிலும் அப்படித்தான். கீழே உட்கார்ந்து சமைப்பதுதான் பொன்னழகுக்குப் பழக்கம். சுருளிவேல்தான், “இப்ப டவுன்ல எல்லாம் நின்னுக்கிட்டுத்தான் சமைக்கிறாக” என்று மேடை கட்டச் சொன்னான். கட்டி முடித்த மேடை அவளுக்கு நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. அவள் குள்ளம். பலகை ஒன்றைப் போட்டு ஏறி நின்றுகொண்டு குழம்பு கூட்டினாள்.

“கொத்தனாருக்குக் கண்ணு எங்க இருந்துச்சாம்? என்னையப் பாத்துட்டுத்தான கட்டுனாரு” என்று கேட்டபோது சுருளிவேல், “பழகிட்டா சரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதுச் சன்னல்களுக்குத் திரை வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு அவளுடைய ஆத்தா வாங்கிக் கொடுத்த அரக்குச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொண்டு சர்புன்னிசா வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாளிடம் தையல் மெஷின் இருந்தது. சேலையை விரித்துப் பார்த்த சர்புன்னிசா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

“கல்யாணச் சேலையை யாராச்சும் வெட்டுவாகளாம்மா? வேற பழசு இருந்தா கொண்டா.”

“கட்டுனா வருசத்துக்கு ரெண்டு தடவை கட்டுவேன் அக்கா. சன்னல்ல தொங்குனா தெனமும் பாத்துக்கிட்டே இருக்கலாம்ல. அவுகளுக்கும் புடிக்கும்.”

சர்புன்னிசா மனசில்லாமல்தான் வெட்டினாள்.

தை பிறந்தது. வீட்டில் புகையிலை நெடி என்று ஒன்று இருந்ததையே பொன்னழகு மறந்திருந்தாள். ஒருநாள் சுருளிவேல், “ஞாயித்துக்கிழமை முதலாளி வீட்டுலருந்து சாப்பிட வாராக. நல்லாச் செய்யி” என்றான்.

சீரகச் சம்பாச் சோறு, வெள்ளாட்டுக் கறிக்குழம்பு, எலும்பு ரசம், முட்டை வறுவல், இலையோரத்தில் சிறுமலை வாழைப்பழம் என்று அவள் விடிந்ததிலிருந்து பலகை மேலேயே நின்றாள். முதலாளியும் அவர் சம்சாரமும் மகள் தங்கமுத்துவும் வந்தார்கள். தங்கமுத்துவுக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தகப்பனைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்த பெண்.

வந்தவர்கள் முதலில் உட்காரவில்லை. முதலாளியம்மா அறை அறையாகப் போனாள். சுவரோரம் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து, “நெடி சுத்தமாப் போயிருச்சே!” என்றாள். பொன்னழகுக்கு உச்சி குளிர்ந்தது. வெட்கத்தோடு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள்.

தங்கமுத்து அடுப்படிக்குள் போய் மேடையில் இரண்டு கையையும் ஊன்றி நின்று பார்த்தாள். மேடை அவளுடைய இடுப்புக்குச் சரியாக இருந்தது.

“அம்மா, நான் கேட்ட ஒசரத்துலயே கட்டியிருக்காக” என்றாள் சந்தோஷமாக.

“கணக்கரு சொன்னா சொன்னதுதான்” என்றாள் முதலாளியம்மா. “ஆவணியில சாவி வாங்கும்போதே தைக்குள்ள ஒப்படைச்சிர்றேன்னாரு. அதே மாதிரி ஒப்படைச்சிட்டாரு பாரு.” பிறகு பொன்னழகு பக்கம் திரும்பி, “நீங்க தை கடைசியில மாறிக்கிட்டாப் போதும்மா, அவசரமில்லை. அந்தத் திரை மட்டும் அப்படியே இருக்கட்டும். நல்லா இருக்கு” என்றாள்.

பொன்னழகு பலகையைப் பார்த்தாள். அதைக் காலால் மேடைக்கு அடியில் தள்ளிவிட்டு, ரசம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனாள். எல்லோரும் தின்றார்கள். எலும்பு ரசத்தை முதலாளி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர்கள் போன பிறகு சுருளிவேல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தான். அவள் எச்சில் இலைகளை எடுக்காமல் வந்து எதிரே நின்றாள்.

“எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?”

“எது?”

“வீடு அந்தப் புள்ளைக்குத்தான்னு.”

அவன் மறைக்கவில்லை. மறைக்கிற விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை போலிருந்தது. “கல்யாணத்துக்கு முந்தியே பேசுனதுதான். மருமகனை மண்டிக்குப் பக்கத்துலயே வச்சுக்கணும்னு முதலாளிக்கு ஆசை. பொம்பளை பொழங்குனாத்தான் கிட்டங்கி வீடாகும், நீ குடி போய்ப் பாத்துச் செய்யின்னாரு. எனக்குப் பெரிய கணக்கர் வேலை தாரேன்னிருக்காரு. இதெல்லாம் யாருக்கு? நமக்குத்தான?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அவன் வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு அவளை நிதானமாகப் பார்த்தான்.

“சொல்லியிருந்தா இம்புட்டும் செஞ்சிருப்பியா?”

செய்திருக்கமாட்டாள், அது உண்மைதான். அவன் தடவிப் பார்த்த சுவர், சன்னல் கேட்ட வாய், அரமனையா ஆயிரும் என்ற பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. கூலிக்கு ஆள் வைத்தவன்கூட அந்தியில் கூலி இன்னதென்று சொல்லித்தான் அனுப்புவான். இவன் அழகு, அழகு என்று கூப்பிட்டே வேலையை வாங்கிவிட்டான்.

வீடு மாறும் நாளில் அவள் ஒன்றே ஒன்று செய்தாள். சன்னல் திரைகளை அவிழ்த்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சுருளிவேல் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

புது வீடு ரயில் பாதை ஓரம். வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வளவில் ஒரு அறையும், சமைக்க ஒரு சாய்ப்பும். குடியேறிய கொஞ்ச நாளிலேயே முதலாளியம்மா ஆள் அனுப்பினாள். தங்கமுத்து பால் காய்ச்சுகிறாள், சமையல் பொன்னழகு கையால்தான் நடக்க வேண்டும் என்று. “போகலைன்னா நல்லா இருக்காது” என்றான் சுருளிவேல். போனாள். சந்துக்குள் திரும்பும்போதே தெரிந்தது. சன்னல்களில் அரக்குச் சுங்குடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பெட்டிச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் சுருளிவேல் எடுத்திருக்கிறான்.

கூட்டத்தில் ஒருத்தி, “யாரு இம்புட்டு லட்சணமா ஒழுங்கு பண்ணுனது?” என்று கேட்டாள். “எல்லாம் நம்ம கணக்கரு மேப்பார்வைதான்” என்றாள் முதலாளியம்மா. சுருளிவேல் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சிரித்தான். பொன்னழகு அடுப்படியில் தன் பலகையைத் தேடினாள். கிடைக்கவில்லை. குதிகாலைத் தூக்கி நின்றபடியே சாம்பாருக்கு உப்புப் போட்டாள். அளவு சரியாகத்தான் இருந்தது. பந்தியில் யாரும் குறை சொல்லவில்லை.

விருந்துக்கு வந்திருந்த சர்புன்னிசா கை கழுவப் பின்பக்கம் வந்தவள், அவள் தோளில் கையை வைத்தாள். “எனக்குத் தெரிஞ்சிருந்தா வெட்டியிருக்கவேமாட்டேன் கண்ணு” என்றாள். அப்போதுதான் பொன்னழகு அழுதாள். அடுப்புப் புகை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஆத்தா பெருமாயி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

“அடிச்சாரா?”

“இல்ல.”

“குடிக்கிறாரா? எவ வீட்டுக்காச்சும் போறாரா?”

“இல்லத்தா.”

“பெறகு என்னடி? அவரு வேலை உசந்திருக்கு. ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கீக. இதுக்குப் போயி ஒருத்தி வாழாவெட்டியா வந்து நிப்பாளா? ஊரு கேட்டா என்னன்னு சொல்லுவேன்? மேடை ஒசரமாக் கட்டிட்டாகன்னு சொல்லவா?”

பொன்னழகு யோசித்துப் பார்த்தாள். ஊருக்குச் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை அவளுக்கும் அகப்படவில்லை. காயம் இருந்தால் காட்டலாம். தகப்பனார் பஸ் ஏற்றிவிட வந்து, ஒரு கூடைக் கத்தரிக்காயும் கொடுத்து அனுப்பினார்.

சுருளிவேல் கோபிக்கவில்லை. “வந்துட்டியா, நல்லதாப் போச்சு” என்றான். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதையும் அதே மாதிரி ஆக்கிரு அழகு. உன் கை ராசி” என்றான்.

“இதை யாருக்குக் குடுக்கப் போறீக?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

அந்த அறைக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. கூட்டினாள், துடைத்தாள், அவ்வளவுதான். சுவரில் மழைநீர் இறங்கிக் கோடு விழுந்தது. விழுந்தபடியே கிடந்தது. அடுப்பிலும் அப்படித்தான். சோறு, ஒரு குழம்பு, சில நாள் ஒரு துவையல். உப்பு, புளி எதிலும் பிசகில்லாமல் தினமும் ஒரே மாதிரி இருக்கும். ஒருநாள் சுருளிவேல் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, “முந்தி நல்லாச் செய்வ” என்றான். கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதல் முறையாக அவன் அவள் சமையலை நன்றாயிருந்தது என்று சொன்னது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். சுருளிவேல் பெரிய கணக்கராகி, மண்டியில் அவன் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்ற நிலைக்கு வந்தான். அறுபத்தைந்தில் பழனி ரோட்டுப் பக்கம் சொந்தமாக மனை வாங்கி வீடு கட்டினான். கட்டும்போது ஒவ்வொன்றுக்கும் அவளிடம் வந்து கேட்டான். சன்னல் எந்தப் பக்கம், சுவருக்குப் பச்சையா மஞ்சளா, மேடை எம்புட்டு உயரம் என்றெல்லாம். அவன் நிஜமாகத்தான் கேட்டான். அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் பதில் சொல்ல உள்ளே ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும், “உங்க இஷ்டம்” என்றாள். கடைசியில் கொத்தனார் இஷ்டப்படி முடிந்தது வீடு.

குடிபுகுந்த மாதம், மண்டிக்குப் புதிதாக வந்திருந்த ஞானராஜ் என்கிற கணக்கரைப் புது மனைவியோடு சாப்பிடக் கூப்பிட்டிருந்தான் சுருளிவேல். அந்தப் பெண் வெறும் சுவரையும் திரையில்லாத சன்னல்களையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இலையைப் பார்த்து உட்கார்ந்தாள். சுருளிவேலுக்குக் கூச்சமாகிவிட்டது.

“இவளுக்கு வீடு வாசல்லயெல்லாம் ஒரு ஆசையே கெடையாதும்மா” என்றான் அந்தப் பெண்ணிடம். “நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்.”

அந்தப் பெண் பொன்னழகின் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமாம்மா” என்றாள் பொன்னழகு. “எனக்கு அதெல்லாம் வராது.” சோற்றைக் குழித்துக்கொள்ளச் சொல்லி ரசத்தை ஊற்றினாள்.