ஐம்பத்தொன்பதுக்குத் திரும்பும் வழி

எங்கள் மேலாளர் ராமசுப்ரமணியன் சாருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையங்களின் நெட்வொர்க் முழுவதும் அவர் கையால் அமைந்தது. இன்னொன்று, அவருடைய ஹிந்தி. முதல் பெருமையில் எனக்குத் தகராறு இல்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்து முப்பது வருடமாகிறது, தில்லிக்காரனே தன் ஹிந்தியைக் கேட்டு அசந்துபோவான் என்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் வாயைத் திறக்க மாட்டேன். என் தமிழைப் பற்றி அவர் அடிக்கும் கிண்டலையும் சேர்த்துத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை ஜனக்புரி அலுவலகத்துக்குள் நான் நுழைந்தபோது அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஒரு மெயில் எழுதிக்கொண்டிருந்தார். மயூர் விஹாரில் முந்தின நாள் திறந்த புதுக் கிளையில் ஒரு ரிப்போர்ட்டும் திறக்கவில்லை. அங்கே ரவுட்டரை மாட்டியவர் ஒப்பந்தக்காரரின் ஆள் சத்பால். அவரை இனி எங்கள் பக்கமே அனுப்ப வேண்டாம் என்று மெயில். எங்கள் வேலைக்காகத்தான் ஒப்பந்தக்காரர் சத்பாலை வைத்திருந்தார். மெயில் போனால் அவருடைய பிழைப்பு போச்சு.

"சார், அனுப்பாதீங்க. நான் ஒரு தடவை பாத்துடறேன்."

"என்னத்தைப் பாக்கப் போறே ரெபேக்கா? லைட் எரியறது, லைட் எரியறதுன்னு அதையே சொல்லிண்டிருக்கான். மாட்டத் தெரியாதவனுக்கு என்ன தெரியும்?"

சத்பாலுக்கு இவரைவிட வயது அதிகம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் இடத்துக்குப் போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

சத்பால் சொன்னது உண்மை, லைன் உயிரோடுதான் இருந்தது. மயூர் விஹாரிலிருந்து தகவல் ஜனக்புரிக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இங்கிருந்து பதில்தான் அங்கே போய்ச் சேரவில்லை.

ரவுட்டரைப் பெரிய மேதாவி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் பயணம் செய்யும். ஒவ்வொன்றின் மேலும் சேர வேண்டிய இடத்தின் எண் இருக்கும். ரவுட்டர் தன் அட்டவணையில் அந்த எண்ணைத் தேடும், இன்ன எண்ணா, இன்ன பக்கம் என்று தள்ளிவிடும், அதோடு அதன் வேலை தீர்ந்தது. மீதியை அடுத்த ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். அட்டவணையில் இல்லாத எண் வந்தால் பொதுவழி என்று ஒன்று வைத்திருப்போம், அதில் தள்ளும். எங்கள் பொதுவழி வெளி இன்டர்நெட்டுக்குப் போகிறது. எங்கள் உள்ளெண்ணை அங்கே யாரும் சீந்த மாட்டார்கள். பொட்டலம் குப்பைக்குப் போகும். வந்த வழி ரவுட்டருக்கு ஞாபகமும் இருக்காது. திரும்பும் வழியைத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

ஜனக்புரி ரவுட்டரின் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். மயூர் விஹாருக்கான வழி இருந்தது. அதில் கிளையின் எண் அறுபத்தொன்பது என்று இருந்தது. அங்கிருந்து வரும் பொட்டலங்களோ தங்களை ஐம்பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டு வந்தன. அந்த வரியை எழுதியவர் ராமசுப்ரமணியன் சார்.

சத்பாலுக்கு போன் போட்டு, நேற்று சாருக்கு என்ன எண் சொன்னீர்கள் என்று ஹிந்தியில் கேட்டேன்.

"உன்ஸட், மேடம்ஜி," என்றார். குரல் கம்மியிருந்தது. முதலில் ஆங்கிலத்தில்தான் ஃபிஃப்டி என்று ஆரம்பித்தாராம். சார்தான், "ஹிந்தி மே போலோ, பையா" என்று, ஹிந்தியிலேயே சொல்லச் சொல்லி அதட்டினாராம்.

எனக்கு விளங்கிவிட்டது. இந்த உன்ஸட்டுக்கும் உன்ஹத்தருக்கும் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய குட்டு கொஞ்சமில்லை. நேரே சாரிடம் போனேன்.

"சார், ஐம்பத்தொன்பதுக்கு ஹிந்தியில என்ன?"

"இதென்ன பரீட்சையா? உன்ஹத்தர்."

"அப்போ உன்ஸட்?"

"அறுபத்தொன்பது. ஸாட்னா அறுபது இல்லையோ?"

"இல்லை சார். உன்னுன்னா ஒண்ணு கம்மி. அறுபதுக்கு ஒண்ணு கம்மி. உன்ஸட்னா ஐம்பத்தொன்பது. சத்பால் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

அவர் முகம் சிவந்தது. விரலை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தார். எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

"இப்படியும் ஒரு பாஷையா? இன்னும் வராத அறுபதை எதுக்கு முன்னாடியே கூப்பிடணும்?"

"நாம தொண்ணூறுன்னு சொல்றோமே சார். நூறு வந்துடுச்சா?"

அவர் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு அந்த வரியை அழித்து ஐம்பத்தொன்பது என்று தானே எழுதினார். கொஞ்ச நேரத்தில் மயூர் விஹார் கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஜெயலட்சுமி கூப்பிட்டு, ரிப்போர்ட் எல்லாம் திறக்கிறது என்றாள். நான் நகரவில்லை. மெயில் இன்னும் திரையில் இருந்தது.

"அந்த மெயில், சார்."

"தெரியறது," என்று அழித்தார். அப்புறமும் நான் அங்கேயே நின்றேன். சத்பாலின் கம்மிய குரல் காதிலேயே இருந்தது. சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சத்பால், கல்தி மேரீ தீ."

தப்பு என்னுடையது. முப்பது வருட ஹிந்தியில் அவர் பேசி நான் கேட்டதிலேயே சின்ன வாக்கியம் அதுதான். சத்பால் மெதுவாகக் கேட்டார்.

"தோ ஸாப், மை கல் ஆஊங்?"

ஹிந்தியில் நேற்றுக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். பின்னால் வரும் சொல்லை வைத்துச் சின்னக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். சார் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு வரட்டுமான்னுதானே கேக்கறார்?"

"ஆமா சார். நாளைக்குத்தான்."

கையை எடுத்தார். "ஆயியே," என்றார், வாங்க என்று. கொஞ்சம் நிறுத்தி, "ஆயியே, சத்பால்ஜி."

அந்த ஜீயை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.