இடது மூக்கில் இருந்தது

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: "குழந்தையைத் தினமும் குளிப்பாட்டி அனுப்பவும்."

படித்ததும் அம்மாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. சோபா தைக்கும் பட்டறையில் நாள் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ஐந்து வயது மகளை இரண்டு வேளையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் மூன்று வாரமாகக் குழந்தை மீது அழுகின வாடை. மூக்கு வேறு ஓயாமல் ஒழுகியது. மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை சளி மருந்து கொடுத்தார். தெருமுனை டாக்டர் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்காமல் அதையே எழுதித் தந்தார். வீட்டுக்காரனோ, "பல்லை ஒழுங்கா வெளக்கிவிடு" என்றான்.

"வெளக்காமலா இருக்கேன்? நீ ஒருநாள் வெளக்கிவிட்டுப் பாரேன்!"

மறுநாள் அவளே குழந்தையை வகுப்புவரை கொண்டுபோய் விட்டாள். எல்லாப் பிள்ளைகளும் வட்ட மேசையைச் சுற்றி இருக்க, மகள் நேராகப் போய் ஜன்னலோரம் தனியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பழகிப்போனவளைப் போல.

"எம்பொண்ணு ஏன் அங்க உக்கார்றா?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "மத்த பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க. நான் என்னங்க பண்றது?"

"சீட்டு எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு என்னைக் கூப்பிட்டுப் பேசத் தெரியலையா?"

மகளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். பட்டறைக்குப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரின் அறை முன்னால் இரண்டரை மணி நேரம் காத்துக் கிடந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒழுகுதா, ஒரு பக்கம் மட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"இடது பக்கம் மட்டும்தான்."

"இதை இதுவரைக்கும் யாருமே கேக்கலையா?"

யாரும் கேட்கவில்லை.

குழந்தையைப் போர்வையில் சுற்றி மடியில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்து, வளைந்த கம்பியை உள்ளே விட்டு மெல்ல இழுத்தார். குழந்தை வீறிட்டது. பட்டாணி அளவில் கறுப்பாக ஏதோ வந்து விழுந்தது. அறையே நாறியது. நர்ஸ் அதைக் கழுவிக் காட்டினாள். மஞ்சள் ஸ்பாஞ்ச்.

அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பள்ளி லீவு விட்ட ஒருநாள், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளைப் பட்டறைக்குக் கூட்டிப்போய் ஸ்பாஞ்ச் குவியல்மேல் உட்கார வைத்தது அவளேதான்.

"ஏண்டி சொல்லல?"

"நீ அடிப்ப."

அதுவரை ஊரார் மேலிருந்த கோபத்தில் பாதி அம்மாவுக்குத் தன் மேலேயே திரும்பியது. மகளின் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

மீதிப் பாதியோடு மறுநாள் காலை வகுப்பறைக்குள் நுழைந்தாள். யாரையும் கேட்காமல் ஜன்னலோர நாற்காலியைத் தூக்கி வட்ட மேசையருகே தொப்பென்று போட்டாள்.

"மூக்குக்குள்ள ஸ்பாஞ்ச் மாட்டியிருந்துச்சு. அதுதான் நாறுச்சு, எம்பொண்ணு இல்ல."

டீச்சரின் முகம் வெளுத்தது. "மன்னிச்சிருங்க. எனக்குத் தெரியாம..."

"எங்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லுங்க."

டீச்சர் குனிந்து குழந்தையின் கையைப் பிடித்துச் சொன்னாள். "சரி மிஸ்" என்றது குழந்தை, அவ்வளவு சீக்கிரமாக. அடுத்த நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு கலர் பென்சிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவால் அப்படி 'சரி' சொல்ல முடியவில்லை. பட்டறைக்குப் போய்ச் சேரும்வரை பல்லைக் கடித்தபடியே நடந்தாள்.