தளும்பிய கிண்ணம்

ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பியிருக்கும் புருஷனைச் சேர்த்துக்கொள்வாயா என்று நாத்தனார் துர்சுன் கேட்டபோது, பெர்மெட் சரி என்றுதான் சொன்னாள். உப்புப் போதுமா என்று கேட்டால் சொல்வோமே, அப்படி ஒரு சரி.

கோபம் வரவில்லை. அங்கே அவன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தியதும், அவள் துரத்திவிட்ட பிறகுதான் நாரின் என்று சொந்த ஊர் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்ததும் ஊருக்கே தெரியும். பெர்மெட்டுக்கும் தெரியும். யார் வீட்டுச் சங்கதியோ போல இருந்தது.

ஞாயிறு மதியம் ஷெய்ஷென் தன் அக்காவின் பின்னால் வந்து விரிப்பில் உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. பொரித்த மாவுத் துண்டுகளான பொர்சோக்கும் வெண்ணெயும் முன்னால் இருந்தன. பத்துப் பேர் பேச்சைத் துர்சுன் ஒருத்தியே பேசினாள். தம்பி திருந்திவிட்டானாம், குடியை விட்டுவிட்டானாம், கூரையைக்கூட மாற்றப்போகிறானாம். ஒன்பது குளிர்காலம் ஒழுகிய கூரை, இன்னும் ஒரு வாரம் பொறுக்காதா என்ன.

"ஆனது ஆச்சு, போனது போச்சு. டீ ஊத்தும்மா."

டீ ஊற்றுவதில் பெர்மெட்டை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமோ சாவோ, சமோவார் என்கிற குழாய் வைத்த டீக் கொதிகலன் பக்கத்தில் அவளைத்தான் உட்காரவைப்பார்கள். அரைக் கிண்ணம் ஊற்றினால், இருங்கள், இன்னும் தருகிறேன் என்கிற மரியாதை. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு. பேச்சு வராத பிள்ளைக்கும் இது தெரியும்.

துர்சுனுக்கு அரைக் கிண்ணம் கொடுத்தாள். அடுத்ததை ஷெய்ஷெனிடம் நீட்டினாள். அவன் வாங்காமல் கிண்ணத்தையே பார்த்தான். அப்புறம்தான் அவளும் பார்த்தாள். டீ விளிம்பில் தளும்பி நின்றது.

துர்சுன் சிரித்துச் சமாளித்தாள். "கை தவறிடுச்சு. கொட்டிட்டு வேற ஊத்து."

பெர்மெட்டும் அப்படித்தான் நினைத்தாள். கிண்ணத்தைக் காலி செய்து, இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் சமோவார் குழாயில் பிடித்தாள். பாதி வந்தது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. குழாயை மூட வேண்டிய கை மூடவில்லை. விளிம்பைத் தொட்டு, வழிந்து, விரலில் இறங்கிய பிறகுதான் மூடியது.

"கை தவறல மதினி," என்றாள். அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

ஷெய்ஷென் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். சுடச்சுட முழுக் கிண்ணத்தையும் குடித்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தடவி, சாப்பாடு முடிந்ததும் சொல்கிற ஓமினைச் சொல்லிவிட்டு எழுந்தான். துர்சுன் திட்டிக்கொண்டே பின்னால் போனாள். வாயால் சரி சொல்லிவிட்டுக் கையால் விரட்டுகிறவளை இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லையாம்.

கதவு சாத்திய பிறகு பெர்மெட்டுக்கு விரல் எரிந்தது. பார்த்தால் கொப்புளித்திருந்தது. அழுகை வந்தது, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக. விரல் எரிச்சல்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.